என் வாயில் வராத ஓல்டான்

யாழினி,

இதை நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டு குனிந்து என் காலில் மாட்டிய காலிப்பரின் வாரைத் தொட்டுப் பார்ப்பாய், இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று. பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். தோழியின் கல்யாணத்துக்காக மதுரைக்குப் போன நீ திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து, உன் ஆபீஸ் பையில் வைத்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன், பால்கனியில் காயும் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி நாற்காலிக்கு வருகிறேன். உட்காரும்போது ஒரு முறை, எழும்போது ஒரு முறை காலிப்பரின் முழங்கால் பூட்டு 'டக்' என்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த உன் அப்பா, "என்ன, பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்க?" என்றார். பூனைக்கு இரும்புப் பூட்டு கிடையாது என்றேன். அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் நீ பால்கனியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாய். ஹைதராபாத் வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் உன் பின்னால், கதவுக்கு இந்தப் பக்கம், துணிக் கூடையோடு நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்பதற்காக அல்ல. எனக்குச் சட்டென்று திரும்பிப் போக வராது, அவ்வளவுதான். "இல்ல சார், வேற ஆஃபர்லாம் ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் ஹோல்டு பண்ணி வைங்க, மதுரைக்குப் போய்ட்டு வந்து திங்கக்கெழம சொல்றேன். அம்மாவ தெனம் பஸ் ஏத்தி வுடணும் சார். அதுக்கு ஒரு ஆள் பாக்கணும்" என்று சொன்னாய். அந்தப் பக்கம் இருந்தவர் என்ன கேட்டாரோ, "இல்ல சார், நடப்பாங்க. பஸ்ஸு ஏர்றதுதான் கஷ்டம்" என்றாய். உன் குரலில் சலிப்பு இல்லை. வருத்தம்கூட இல்லை. மளிகைக் கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னாய். அதுதான் என்னை இத்தனை நாளாக உட்காரவிடாமல் அடிக்கிறது.

'ஏத்தி விடுவது' என்ற சொல்லை அன்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். மூட்டையை ஏத்தி விடுகிறோம். கேஸ் சிலிண்டரை ஏத்தி விடுகிறோம். ஊருக்குப் போகும் வயசானவர்களை ஏத்தி விடுகிறோம். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள் என்றெல்லாம் எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி என்ன? நீ சொன்னதில் பொய் இல்லையே. நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, பிறகு கல்லூரி, இப்போது அதே எஸ்டேட்டில் உன் ஐ.டி. வேலை என்று, காலையில் என்னை பஸ் ஏத்தி விட்டது நீதான், உன் அப்பாவின் ஷிப்ட் அதற்கு ஒத்துவராது.

இந்தக் கடிதத்தை நீ என்றாவது உன்னோடு வாழப்போகிறவனிடமோ, உன் பிள்ளைகளிடமோ காட்டுவாயானால் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றை எழுதிவிடுகிறேன். நம் சென்னை பஸ்ஸில் கண்டக்டருக்கு முக்கியமான சொற்கள் இரண்டு. வண்டி கிளம்பலாம் என்றால் 'ரைட்'. நிறுத்து, ஆள் ஏறுகிறது, இறங்குகிறது என்றால் 'ஓல்டான்'. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்துக்குள் நான் ஏறியாக வேண்டும். என் இடது கால் போலியோவில் போனது. இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்பும் தோலும் சேர்ந்த காலிப்பர் அதைத் தாங்குகிறது. வலது கையில் தடி. பஸ் ஏறுவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும், கம்பியைப் பிடிக்க. அப்போது தடியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல காலை முதலில் மேலே வைத்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, கெட்ட காலைச் சுழற்றி எடுத்து மேலே போட வேண்டும். மற்றவர்கள் ஏறுவதைவிட இதற்குக் கொஞ்சம்தான் கூடுதல் நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஓல்டான்.

அதை நீ கத்துவாய். எல்.கே.ஜி. சீருடையில், தண்ணீர் பாட்டில் கழுத்தில் தொங்க, என் தடியை உன் உயரத்துக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓல்டான்! ஓல்டான்! அம்மா ஏறுது!" என்று நீ கத்தினால் டிரைவர் கண்ணாடியில் தேடுவார், யாருடா இது, கண்டக்டருக்கு மேல் கண்டக்டர் என்று. உனக்கு அந்தச் சொல் பஸ்ஸுக்கு மட்டுமானதாகத் தோன்றவில்லை. 'என் அம்மா வந்துகொண்டிருக்கிறாள்' என்பதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அது என்று நினைத்தாய். ஆஸ்பத்திரி லிப்டில் சொன்னாய். பள்ளிக்கூட கேட்டை மூடப் போன வாட்ச்மேனிடம் சொன்னாய். உன் சித்தி கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் இடம் நிரம்பிக்கொண்டே வந்தது, நான் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன், நீ ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று தொண்டை கிழிய "ஓல்டான்!" என்றாய். சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. "பொண்ணு சுத்த மெட்ராஸா வளர்ந்திருக்கா" என்று ஒரு அத்தை சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. உன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன், கொஞ்சம் அழுத்தமாகவே. "தப்பா சொல்ட்டனாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் ஏதோ பாடம் நடத்தப்போய், வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, ஓல்டான் இங்கிலீஷாமே! 'ஹோல்டு ஆன்'னாம்!" என்று ஏமாந்தவள் மாதிரி நின்றாய். உன் சொந்தச் சொல்லை யாரோ எடுத்துக்கொண்டது போல இருந்தது உன் முகம்.

நான் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னதில்லை. இதை நீ கவனித்திருக்கிறாயா தெரியாது. எனக்குத் தெருவில் குரல் எழாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பேட்ச் பெயின்ட் சரியில்லை என்றால் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், தயங்க மாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியைப் பார்த்து 'எனக்காக நில்லுங்கள்' என்று கத்த வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கூச்சம் என்று சொல்லலாம். கர்வம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ கேட்பாய், பஸ்தான் வேண்டுமா என்று. ஆவடியில் மின்சார ரயில் இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்குத் தனிப் பெட்டிகூட இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் போக மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும், பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று முன்னாலேயே போய் நிற்க வேண்டும், கடைசி நேரத்தில் நடைமேடை மாறிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ரயிலுக்கு ஓல்டான் கிடையாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். மழைக்காலத்தில் பள்ளத்துக்குள் ஒரு சக்கரம் இறங்கிச் சாய்ந்து கிடந்ததை நீயே தூக்கி நிறுத்தியிருக்கிறாய். மாதத்துக்கு ஒரு ஆட்டோ பேசிவிடலாம் என்பது உன் யோசனை. அந்த ஆட்டோக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு லீவு, அவர் மச்சினிக்குக் கல்யாணம் என்றால் எனக்கு லீவு. ஒரே ஒரு ஆளை நம்பி இருப்பதைவிட, ஒருவரையும் தெரியாத ஒரு கூட்டத்தை நம்பி இருப்பது எனக்குக் கொஞ்சம் சுதந்திரமாகத் தோன்றுகிறது. பஸ்ஸில் இன்றைக்கு ஒருவன் முறைத்தால் நாளைக்கு வேறொருவன் நகர்ந்து இடம் கொடுப்பான். யாருக்கும் நான் கடமைப்பட்டவள் இல்லை.

பஸ்ஸைப் பற்றி எனக்கு மயக்கம் ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்கு மேல் முன்பு 'ஊனமுற்றோர்' என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். பிறகு அதன் மேல் 'மாற்றுத்திறனாளிகள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெயிலில் ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு பழைய எழுத்து எட்டிப் பார்த்தது. பெயின்ட் கம்பெனிக்காரியின் கண் அதைத்தான் முதலில் பார்க்கும். எழுத்து மாறியது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. கீழே படிக்கட்டு அதே உயரத்தில்தான் இருந்தது. அந்த ஸ்டிக்கருக்குக் கீழே எப்போதும் யாராவது ஒரு ஆள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பான். நான் உட்கார்ந்த பிறகும் என் கால் மடங்காமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டைத் திறக்கக் குனிவதற்குள் யாராவது தடுக்கிக்கொண்டு, "காலை மடக்கு மா" என்பார்கள். "மடங்காது" என்றால், "ஏன், அப்புடி இன்னா வீம்பு?" என்று ஒரு அம்மாள் ஒரு நாள் கேட்டாள். நீ அவளோடு சண்டைக்குப் போனாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

சரி. இப்போது உனக்குத் தெரியாத இந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன். நீ போகும்போது மாடி வீட்டுப் பிரபுவிடம், தினம் காலையில் என்னைப் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏத்தி விடச் சொல்லிவிட்டுப் போனாய். திங்கட்கிழமை அவன் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். "நான் லீவு, பிரபு" என்றேன். பொய்தான். அவன் போன சத்தம் அடங்கியதும் முழங்கால் பூட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோவில்பதாகையிலிருந்து ஆவடி வரை ஷேர் ஆட்டோ. அது ஒரு பிரச்சினையே இல்லை, ஆள் நிரம்பாமல் அது கிளம்பாது, அதற்கு யாரும் ஓல்டான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ இறக்கிவிடும் இடத்தில்தான் நம் நிறுத்தம். பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே போய்விட்டால் வண்டி நின்றுகொண்டிருக்கும், நிதானமாக ஏறலாம். ஆனால் அங்கிருந்து ஸ்டாண்டு என் காலுக்கு இன்னொரு ஊர்.

எஸ்டேட் பஸ் வந்தது. வழக்கம் போல இரண்டு கையும் கம்பிக்கு வேண்டும். தடியை வாங்கிக்கொள்ள நீ இல்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் யோசிப்பது போல யோசித்து, முன்வாசல் வழியாக முதலில் தடியை பஸ்ஸுக்குள் தரையில் வைத்தேன். பிறகு பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். பின்வாசலில் இருந்த கண்டக்டர் அந்தப் பக்கம் எல்லாரும் ஏறிவிட்டதைப் பார்த்து "ரைட், போலாம்" என்றார். பஸ் போய்விட்டது. தடியோடு.

நான் நின்றுகொண்டிருந்தேன், யாழினி. நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. தடி இல்லாமல் என்னால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண், "இன்னாக்கா, வண்டிய வுட்டுட்டியா? அடுத்தது வரும்" என்றாள். தடி போய்விட்டது என்றேன். "எங்க போச்சு?" "பஸ்ஸில்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ இங்க கீற, உன் கட்டை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டு, பூக்கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துத் தன் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். அது மிகவும் தாழ்வு. உட்கார்ந்தால் எழ முடியாது. நின்றுகொண்டே இருந்தேன். உனக்கு போன் செய்ய எடுத்தேன், உன் பெயரைத் தொடாமல் மறுபடி பைக்குள் போட்டேன். பிரபுவைக் கூப்பிடலாம், ஆனால் அவனிடம் லீவு என்று சொன்ன வாய் இது. வெயில் ஏறியது. அந்தக் கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரங்களையெல்லாம் படித்தேன், திரும்பவும் படித்தேன்.

அதே பஸ் எஸ்டேட் போய்த் திரும்பி எதிர்ப்பக்கம் வந்து நின்றது. கண்டக்டர் என் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார். ஓல்டான் பாப்பா என்று உன்னைக் கூப்பிடுவாரே, அவர்தான். "இன்னாமா இது? கட்டைய ஏத்தி வுட்டுட்டு நீ கீழ நின்னுகினு கீற! அதுக்கு டிக்கெட் எட்த்தியா, பாஸ் வச்சிகினு கீதா?" என்றார். பஸ் ஜன்னல்களிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். "பாப்பா எங்க?" "ஊருக்குப் போயிருக்கிறாள்." "அப்ப ஒரு கொரல் குட்துருக்கக் கூடாதா? எனக்கு முதுகுல கண்ணா கீது? பாப்பா கத்துனா ஆவடியே அதிரும். நீ இன்னாடான்னா செலையாட்டம் நிக்கிற." கோபமாகத்தான் சொன்னார். நியாயமான கோபம். நான் நன்றி சொன்னேன், அதையும் அவர் காதில் விழாத குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவர் அதற்குள் ரோட்டின் நடுவில் இருந்தார்.

அவர் சொன்ன 'ஏத்தி வுட்டுட்டு' காதிலேயே நின்றது. என்னை நீ ஏத்தி விடுகிறாய்; நான் என் தடியை ஏத்தி விடுகிறேன். அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, யாரும் இல்லாத வீட்டில் "ஓல்டான்" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, நிறுத்திவிட்டேன்.

மறுநாள் மறுபடி கிளம்பினேன். இந்த முறை தடியை விடவில்லை. கைப்பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டேன். அது ஆடி ஆடி இடுப்பில் இடித்தது, இடிக்கட்டும். பஸ் வந்தது, வேறொரு கண்டக்டர். படிக்கட்டில் கல்லூரிப் பையன்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நல்ல காலை மேலே வைத்தேன், வண்டி லேசாக அசைந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஓல்டான் அல்ல. "நில்லுங்கள்!" என்று வந்தது. அப்படியே, புத்தகத்தில் இருப்பது போல, 'கள்' விகுதியோடு, முழுசாக. உடனே படிக்கட்டில் ஒருவன், "மச்சான், டீச்சர் ஏறுதுடா! நில்லுங்கள்னு சொல்லுது, நில்லுங்கடா!" என்றான். இன்னொருவன் பஸ் தகரத்தை அடித்து, "டிரைவரண்ணா, தயவுசெய்து நில்லுங்கள்!" என்று ராகம் போட்டான். முன்னால் இருந்து டிரைவர், "எவன்டா அவன் ரேடியோ வச்சிகினு வர்றது?" என்றார். வண்டி நின்றது. நான் ஏறினேன். காது மடல் வரை சூடு. எஸ்டேட் வரை அந்தப் பையன்கள் இறங்குகிறவர்களுக்கெல்லாம் "இறங்குங்கள், செல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் இறங்கும்போது ஒருவன், "டீச்சர், மெதுவா இறங்குங்கள்" என்றான். கிண்டல்தான். ஆனால் மற்றவன் இறங்கி நின்று ஏற வந்தவர்களை மறித்துக்கொண்டு வண்டியைப் பிடித்துவைத்தான். அன்றைக்கு டீச்சராகவே இறங்கினேன்.

இது வெற்றி என்று உனக்கு எழுதி முடித்திருப்பேன், வியாழக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால். அன்றைக்கு வந்தது புதிய தாழ்தள பஸ். எனக்காகவே செய்தது என்று சொல்லலாம், படியே கிடையாது, நடைபாதையிலிருந்து அப்படியே உள்ளே கால் வைக்கலாம். ஆனால் நடைபாதை ஓரமாக ஷேர் ஆட்டோக்கள் நின்றதால் அது நடுரோட்டில் நின்றது. நான் நடைபாதையிலிருந்து இறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து போவதற்குள் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். கதவு தானாக மூடும் கதவு; படிக்கட்டில் தொங்கும் பையன்கள் இல்லை, வெளியே தலையை நீட்டும் கண்டக்டர் இல்லை. 'நில்லுங்கள்' என்றேன். கண்ணாடிக்கு உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. என் முகத்துக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. நான் நடுரோட்டில், பின்னால் ஹாரன்கள். பயம் வந்தது. அந்தப் பயத்தில், யோசிக்காமல், தடியை ஓங்கி பஸ்ஸின் பக்கவாட்டில் அடித்தேன். ஒரு அடி இல்லை. டங், டங் என்று அது திறக்கும் வரை அடித்தேன்.

கதவு திறந்தது. டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார். "யம்மா! வண்டி இன்னா உன் ஊட்டுக் கதவா, இந்த அடி அடிக்கிற?"

"ஏறணும்" என்றேன்.

"அதுக்கு? ஒடச்சிட்டு ஏறுவியா?"

"ஏறிக் கம்பியப் புடிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க."

அவர் என் காலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். "எடுக்கல. ஏறு. அந்தக் கட்டைய மொதல்ல கீழ எறக்கு, எனுக்கே பயமா கீது" என்றார். உள்ளே ஒரு ஆள், "ஓசி பாஸ்ல போறதுக்கே இன்னா அதிகாரம் பாரு" என்றான். அவன் பக்கத்தில் இருந்த பெண் உடனே, "ஏன்யா, நீ இன்னா வண்டியவே வாங்கிட்டியா? தள்ளி ஒக்காரு, அக்கா ஒக்காரட்டும்" என்றாள். அவன் தள்ளி உட்கார்ந்தான். பூட்டைத் திறக்கவும் தோன்றவில்லை. காலை நீட்டியபடியே வந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக, அந்தப் பையன்களின் துணைகூட இல்லாமல், ஒரு வண்டியை நானே நிறுத்தியிருக்கிறேன். அது மகிழ்ச்சியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரையோ அடித்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் இறங்கியதும் அந்த பஸ் போவதைத் திரும்பிப் பார்த்தேன், ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று. இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்று சனிக்கிழமை. நேற்றும் போய்வந்தேன், நேற்று ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ ஒரு பெண் கேட்காமலே தடியை வாங்கிக்கொண்டாள், ஏறினேன், உட்கார்ந்தேன், தூங்கிக்கூடப் போனேன். இதை வைத்து இனி எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு நான் எழுத மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நல்ல கால் என்று நாம் சொல்லும் கால் இப்போது சாயங்காலம் ஆனால் வலிக்கிறது. மழைக்காலம் வரும். ஒரு நாள் விழுவேன், எழுந்திருக்க யாராவது கை கொடுப்பார்கள், அவர்களில் ஒருவர் தவறான பக்கத்தில் பிடித்து இழுப்பார். நீ என் கூடவே இருந்தாலும் இது நடக்கும். போன வருஷம் நீ பக்கத்தில் இருந்தபோதுதான் விழுந்தேன், மறந்துவிட்டாயா? அப்போது நீ அழுத அழுகைக்கு உன்னைச் சமாதானப்படுத்தத்தான் நேரமாயிற்று, என் முழங்காலைப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை முறை எழுந்து எழுந்து நடந்தேன். உனக்கு இருபத்துமூன்று வயது. இந்த வயதுப் பெண் காலையில் தனக்காக ஒரு பஸ்ஸின் பின்னால் ஓடியிருக்க வேண்டும். நீ ஓடியதே இல்லை. ஓடினால் நான் பின்தங்கிவிடுவேன் என்று எல்.கே.ஜி.யிலேயே மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டாய். தனியாகப் போகும்போதும் நீ என் வேகத்தில்தான் நடக்கிறாய்; பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு காலை வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த காலை வைக்கிறாய். இரண்டு நல்ல கால் இருக்கும் பெண் அப்படி நடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஹைதராபாத்தில் உனக்கு யாரையும் தெரியாது. நல்லது. அங்கே பஸ் நிறுத்தத்தில் என் மாதிரி யாராவது நின்றால் கையைப் பிடித்து இழுக்காதே, "தடியை வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேள், அந்த ஊர் மொழியில் அதை எப்படிக் கேட்பது என்று முதல் வாரமே கற்றுக்கொள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, பின்னாலேயே நிற்காதே. உன் பஸ் வந்துவிட்டால் ஏறிப் போ. வேலையில் யாராவது உன்னை "ரொம்ப பொறுப்பான பொண்ணு" என்று புகழ்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படு. அடுத்ததாக ஒரு மூட்டை வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு தடவையாவது பஸ்ஸுக்காக ஓடு. தவறவிடு. தவறவிட்டால் ஒன்றும் ஆகாது, அடுத்தது வரும். பூக்காரப் பெண் சொன்னாள், அவள் சொன்னது சரிதான்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பஸ்ஸை அடித்ததில் தடியின் அடியிலிருந்த ரப்பர் கிழிந்துவிட்டது. போவதற்கு முன் புதிதாக ஒன்று வாங்கி வை. கடைக்காரரிடம் கெட்டியானதாகக் கேள், இனி அதற்கு வேலை அதிகம் இருக்கும். பிரபுவிடம் நானே பேசிக்கொள்கிறேன். வேறு ஆள் பார்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவர்களைக் கூப்பிடு. ஹோல்டு பண்ணி வைத்ததை எடுத்துவிடச் சொல். நான் உன்னை ஒரு நாளும் நிற்கச் சொன்னதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் உன் பஸ்ஸை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கண்டக்டருக்கு இன்னொரு சொல்லும் உண்டே. அதுவும் எனக்குச் சத்தமாக வராது. அதனால் எழுதுகிறேன், இந்தத் தாளில், பெரிய எழுத்தில், நீ எங்கே உட்கார்ந்து படித்தாலும் கேட்கும்படியாக.

ரைட். போலாம்.

அம்மா